அடுப்பில்லாத மெத்தை வீடு

“இந்தப் பக்கம் எட்டு முழம், அந்தப் பக்கம் எட்டு முழம் விடணுமாம். என் மனையே பதினாலு முழம். கொட்டகையை எங்கே கட்டுறது ஐயா, ஆகாசத்திலா?”

ராஜசபையில் நின்று இதையே உடையம்மாள் மூன்றாவது தடவையாகக் கேட்டாள். வார்த்தை மாறவில்லை, குரல்தான் ஏறியது. உப்பு வண்டி ஓட்டிப் பிழைக்கிறவள். வண்டியும் இரண்டு மாடுகளும் நிற்கிற கொட்டகையை நாளைக் காலையில் இடிக்கப் போகிறார்கள். மழைக்காலம் வேறு பிடித்துக்கொண்டது. நனைந்த உப்பை எவன் வாங்குவான்?

எதிரே நின்றவர் நகர அதிகாரி பரமகுருநாதர், அவளுக்குப் பக்கத்து மனைக்காரர். மருதங்கோட்டை ராஜாவுக்கு அந்தப் புதுச் சட்டத்தை எழுதிக் கொடுத்தவரும் அவரேதான். வீட்டோடு ஒட்டாமல் தனியாக நிற்கிற கட்டிடம் எதுவானாலும் அடுத்தவர் எல்லையிலிருந்து எட்டு முழம் தள்ளி நிற்க வேண்டும். வீட்டைவிட உயரமாக இருக்கக் கூடாது. மீறினால் கடப்பாரை. போன மாதம் ஒரு வைக்கோல் கொட்டகை பற்றி எரிந்திருந்ததால், ராஜாவும் நல்ல யோசனை என்று முத்திரை குத்திவிட்டார். ஊரில் எத்தனையோ கொட்டகைகள் இருக்க, அதிகாரியின் அளவுகோல் நேராகப் போய் நின்றது உடையம்மாள் வாசலில். சாண வாசனை அவர் மாடிக்கு வருகிறதாம்.

ராஜாவுக்குப் பக்கத்தில் அகிலாண்டம் நின்றிருந்தாள். அரண்மனைச் சமையற்கட்டு முழுவதும் அவள் பொறுப்பு. சபையில் வாய் திறக்கிற உரிமையும் அவளுக்கு உண்டு. அது ராஜா கொடுத்ததா, அவளே எடுத்துக்கொண்டதா என்று விசாரிக்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை. உச்சிவேளை நெருங்கிவிட்டது. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். இவர்கள் வழக்கு முடிவதற்குள் அது கூழாகிவிடும்.

“எங்க வீட்டுக்காரர் கொட்டகையிலதான் படுக்கிறார்,” என்றாள் உடையம்மாள். “அப்போ அதுவும் வீடுதானே?”

இதற்காகவே காத்திருந்தவர் போல அதிகாரி ஓலையை விரித்தார்.

“கட்டிலைப் போட்டால் வீடாகிவிடுமா? இப்படிக் கிளம்புவீர்கள் என்று தெரிந்துதான் எழுதி வைத்திருக்கிறேன். அடுப்பு எரிகிற கட்டிடமே வீடு. அடுப்பு எரியாதது, யார் படுத்தாலும், எவ்வளவு அழகாகக் கட்டினாலும், வெறும் கொட்டகை. வேண்டுமானால் வைக்கோலுக்கு நடுவில் ஒரு அடுப்பை மூட்டிக்கொள், போ!”

சபை சிரித்தது. உடையம்மாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

அகிலாண்டத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரிசி ஒரு பக்கம் இருக்கட்டும்.

“மகாராஜா, என் புத்தி கொஞ்சம் மந்தம். அதை இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லுங்கள்.”

அதிகாரி மகிழ்ச்சியோடு வாசித்தார். ‘எவ்வளவு அழகாகக் கட்டினாலும்’ வந்தபோது ஒரு அழுத்தம்கூடக் கொடுத்தார்.

“இது எல்லோருக்கும் பொதுவா?”

“மகாராஜா ஒருவர் நீங்கலாக, ஊரில் எல்லோருக்கும்.”

“சந்தோஷம். அதிகாரி ஐயா, ஆவணியில் உங்கள் புதுமனை விருந்துக்கு வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா?”

“மறப்பேனா! மாளிகைச் சுவர் ஓவியங்களை நீங்கள்தானே அப்படிப் புகழ்ந்தீர்கள்!”

“ஓவியம் அருமை. ரசம்தான் பச்சைத் தண்ணீராக ஆறிப்போயிருந்தது.”

அதிகாரியின் முகம் சுருங்கியது. “அது வந்து… சமையலறை பின்னால், முற்றத்தைத் தாண்டி இருக்கிறது. ஓவியத்தில் புகை படக் கூடாதே என்று தனியாகக் கட்டினேன். பெரிய வீடுகளில் அப்படித்தானே வழக்கம்?”

“அப்போது மாளிகைக்குள் அடுப்பே கிடையாதா?”

“ஒரு தீப்பொறி கிடையாது!” என்றார் நெஞ்சை நிமிர்த்தி.

நிமிர்ந்த நெஞ்சு அப்படியே நின்றது. கண் மட்டும் மெதுவாக ஓலைப் பக்கம் இறங்கியது.

“அப்படியென்றால் மகாராஜா,” என்றாள் அகிலாண்டம், “ஐயாவின் வீடு அந்தப் பின்கட்டுச் சமையலறைதான். முன்னால் நிற்கிற, மாடி வைத்த மெத்தை வீடு, யார் படுத்தாலும், எவ்வளவு அழகாகக் கட்டினாலும், கொட்டகை. உடையம்மா, அந்தக் கொட்டகை உன் எல்லையிலிருந்து எத்தனை முழம்?”

“ரெண்டு முழம்தாம்மா. அவங்க மாடித் தண்ணி எங்க கூரையிலதான் கொட்டுது.”

“ஆறு முழம் குறைகிறது. உயரமும் வீட்டைப் போல இரண்டு மடங்கு. இடிக்கிற ஆட்கள் நாளைக்கு அந்தத் தெருவுக்குத்தானே வருகிறார்கள்? ஒரே நடையில் இரண்டையும் முடித்துவிடலாம். எனக்கு உலை கொதிக்கிறது, உத்தரவு கொடுங்கள்.”

ராஜா மீசையைக் கடித்துப் பார்த்தார், உதட்டைக் கடித்துப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. சிம்மாசனம் குலுங்கச் சிரித்துத் தீர்த்தார்.

“உடையம்மாவின் கொட்டகை சட்டத்துக்கு முன்பே நின்றது, அது நிற்கட்டும். பரமகுருநாதரே, சட்டம் எழுதியவருக்கு விலக்குக் கொடுத்தால் ஊர் சிரிக்கும். பொழுது சாய்வதற்குள் உமது மாளிகையின் நடுக்கூடத்தில் அடுப்பு எரிய வேண்டும். இல்லையென்றால் காலையில் கடப்பாரை.”

கழுத்து முத்துமாலையைக் கழற்றி அகிலாண்டத்திடம் நீட்டினார். அவள் அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு சமையற்கட்டுக்கு ஓடினாள். அன்றைக்கு ராஜாவுக்குக் குழைந்த சாதம்தான். ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார்.

அரண்மனை வாசலில் உடையம்மாள் வண்டியைப் பூட்டிக்கொண்டிருந்தாள். மழை தூற ஆரம்பித்திருந்தது. மாடுகளைக் கொட்டகைக்குள் சேர்க்க வேண்டும். அதிகாரி அங்கவஸ்திரம் தரையில் புரள ஓடி வந்தார். பின்கட்டு அடுப்பு தரையோடு பூசியது, விறகோ நனைந்து கிடந்தது. செங்கல் சூளை ஊருக்கு வெளியே, விறகுக் கடை அதற்கும் அப்பால். வாசலில் வேறு வண்டியும் இல்லை.

உடையம்மாள் சாட்டையை எடுத்தாள். வண்டி நகர்ந்தது. அதிகாரி பின்னாலேயே ஓடினார்.

“உடையம்மா! தாயே! நாலு செங்கல், ஒரு கட்டு விறகு, ஒரே ஒரு நடை. அந்த வண்டியைக் கொஞ்சம் இப்படித் திருப்பேன்!”