முள் அசையாத ஆன்டெனா

“டீச்சர், முள்ளு இன்னும் அசையுது.”

ஆவுடையப்பன் எட்டு மாதமாக இதே குறையோடுதான் கடைப்படி ஏறுகிறார்.

மெஹருன்னிசா கழற்றிப் போட்ட மிக்ஸியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “எவ்வளவு காட்டுது அண்ணாச்சி?”

“ஒன்னே கால்.”

“நல்லாத்தான இருக்கு. பேசுங்க.”

“ஒன்னுல நிக்கணும்லா? நின்ன பெறவு பேசுதேன்.”

மெஹருன்னிசாவுக்கு முப்பத்து நாலு வயது. கடையநல்லூர்க் கடைத்தெருவில் மிக்ஸியும் கிரைண்டரும் பழுது பார்க்கிறாள். ஆவுடையப்பனுக்கு அறுபத்தொன்று. சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்தமாக வயர்லெஸ் வைத்து ஊர் ஊராகப் பேசுகிற ஹாம் ரேடியோவில் அவருக்கு ஆசை வந்தபோது, பரீட்சைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது அவள்தான். அன்றிலிருந்து அவள் டீச்சர்.

பரீட்சையில் தொண்ணூறு மார்க். லைசென்ஸ் கைக்கு வந்து எட்டு மாதம். இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆன்டெனாவுக்கு அனுப்பும் சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்ட ஒரு மீட்டர் உண்டு. முள் ஒன்றில் நின்றால் துளியும் திரும்பவில்லை என்று அர்த்தம். ஒன்றரை, இரண்டு என்றாலும் யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஆனால் நம்மவர் வேலி அரை அடி தள்ளியிருந்தாலும் விடாமல் எழுதிக் கொடுத்தே காலம் தள்ளியவர்.

மொட்டை மாடியில் ஏழு ஆன்டெனா கட்டி அவிழ்த்தாயிற்று. தண்ணீர்த் தொட்டியிலிருந்து தென்னை மரம் வரைக்கும் ஒன்று. நடுவில் மூங்கில் நட்டு இரண்டு பக்கமும் சரித்து ஒன்று. துணி காயப்போடும் கம்பியைக்கூட விடவில்லை. அந்த வாரம் அவர் வீட்டுத் துணியெல்லாம் நாற்காலி முதுகில் காய்ந்தது.

முள் மட்டும் காரணம் இல்லை. அது அவருக்கே தெரியும்.

அவருக்குப் பேச்சு திக்கும். பழகிய இடத்தில் அவ்வளவாக இல்லை. புது ஆளிடம் பெயரைச் சொல்ல வேண்டி வந்தால் ‘ஆ’விலேயே நின்றுவிடும். ஆபீஸில் முப்பது வருஷம் மேசைமேல் இருந்த பெயர்ப்பலகைதான் அவருக்குப் பதிலாகப் பேசியது. ரேடியோவில் பெயர்ப்பலகைக்கு ஏது இடம்?

மெஹருன்னிசா மேசைக்கு அடியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து வைத்தாள். மூடியைச் சுற்றிலும் பற்றவைத்திருந்தது. மேலே கேபிள் செருக ஒரு வாய்.

“மாடிக் கம்பியக் கழட்டிட்டு இத மாட்டிப் பாருங்க. தொறக்கக் கூடாது.”

ஆட்டிப் பார்த்தார். உள்ளே ஏதோ தளும்பியது.

“இதுல முள்ளு நின்னுட்டா?”

“நின்னுட்டா நாளைக்குக் காலைல ரோல் காலில் பேசணும். வாக்குக் குடுங்க.”

ரோல் கால் என்பது தினமும் ஆறரைக்குச் சுற்றுவட்டார ஹாம்கள் ஒரே அலைவரிசையில் கூடிப் பெயர் கொடுக்கிற சபை. நடத்துகிறவள் அவள்தான்.

பிஸ்கட் டப்பா என்ன கிழித்துவிடப் போகிறது என்ற தைரியத்தில் வாக்குக் கொடுத்தார்.

வீட்டில் போய் மாட்டினார். முள் ஒன்றில் நின்றது. கழற்றி மாட்டினார். நின்றது. அலைவரிசையை மாற்றினார். அப்போதும் நின்றது. ரேடியோவில் வழக்கமான இரைச்சல்கூட இல்லை. இவ்வளவு சுத்தமான ஆன்டெனாவை அவர் கண்டதே இல்லை. சிறுபிள்ளை மாதிரி கை தட்டினார்.

பிறகுதான் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. சாக்குச் சொல்ல இனி ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை ஆறரை. அவள் வீடு இரண்டு தெரு தள்ளித்தான், ஆனாலும் குரல் மெலிந்து கேட்டது. மற்றவர்கள் குரல் கேட்கவே இல்லை. இன்றைக்கு வானம் சரியில்லை போல என்று நினைத்துக்கொண்டார்.

“வேற யாராவது இருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டு அவள் நிறுத்தினாள்.

மைக்கை அமுக்கினார். லைசென்ஸ் எண் வந்துவிட்டது. பெயர் வரவில்லை. ஆ... ஆ... கையை எடுத்துவிட்டார். மறுபடி அமுக்கினார். மறுபடியும் அதே ‘ஆ’. மூன்றாவது தடவை கண்ணை இறுக மூடிக்கொண்டு முழுப் பெயரையும் சொல்லிவிட்டார்.

பதில் இல்லை.

வெகுநேரம் கழித்து, “சரி, இன்னைக்கு இவ்வளவுதான்” என்று அவள் சபையை முடித்தாள்.

கடை திறக்கும்போதே டப்பாவோடு வாசலில் நின்றார்.

“கூப்பிட்டேன். ஒருத்தரும் என்னன்னு கேக்கல.”

அவள் ஈயப் பற்றை உருக்கிவிட்டு ஸ்க்ரூ டிரைவரால் மூடியை நெம்பித் திறந்தாள். உள்ளே எண்ணெய். அதில் முங்கிக் கிடந்தது விரல் நீள ரெசிஸ்டர் ஒன்று. வேறொன்றும் இல்லை.

“இது ஆன்டெனாவே இல்ல அண்ணாச்சி. குடுக்கிறதப் பூரா வாங்கி எண்ணெயச் சூடாக்கிக்கிடும். ஒன்னும் திரும்பி வராது. வெளியவும் போவாது.”

“அப்போ முள்ளு?”

“அசையவே அசையாது.”

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எட்டு மாதம் சேர்த்து வைத்த தைரியம் எண்ணெயில் போனதே என்று அழுகை வந்தது.

“இந்த வயசுல என்னைய டப்பாக்குள்ள பேச வச்சிட்டீங்களே. நா பட்ட பாடு உங்களுக்குத் தெரியுமா? போதும் டீச்சர். லைசென்சக் கிழிச்சுப் போடுதேன்.”

அவள் ரோல் கால் நோட்டை விரித்து அவர் பக்கம் திருப்பினாள்.

அன்றைய பக்கத்தில் பன்னிரண்டு பேர். பதின்மூன்றாவதாக, ஆவுடையப்பன். பக்கத்தில் ஆறு ஐம்பத்திரண்டு என்று நேரம்.

“இது எப்படி?”

“டப்பாலருந்து அலை லேசா ஒழுகும். ரெண்டு தெரு தாண்டாது. ஹெட்போனக் காதோட அமுக்கிக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

“கேட்டுச்சுன்னா ஒரு பதில் சொல்லிருக்கலாம்லா?”

“சொல்லிருந்தா இந்த டப்பாவையே கட்டிக்கிட்டு இருப்பீங்க.”

நேரத்துக்கு அடுத்து இரண்டு எண்கள். எந்தக் குரலுக்கும் ஹாம்கள் போடுகிற மதிப்பெண் அது. பின்னது எவ்வளவு பலமாகக் கேட்டது என்பது, ஒன்பதுக்கு. முன்னது பேச்சு எவ்வளவு புரிந்தது என்பது, ஐந்துக்கு.

பின்னது ஒன்று. அதில் அவருக்கு வருத்தமில்லை. முன்னதன் மேல் விரலை வைத்தார்.

“டீச்சர்... தி... திக்குச்சே. மூணு தடவ.”

“மூணு தடவையும் கேட்டேன்.”

“பெறவு எப்படி அஞ்சுக்கு அஞ்சு?”

“பேரு புரிஞ்சுது அண்ணாச்சி. எழுதிட்டேன்.”