வெட்டே இல்லாத பாட்டு

"வெட்டு இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்டார் விருது நடுவர் ரெஜினா. மேசைக்கு இந்தப் பக்கம் மூன்று பேர்.

மேசை மேல் கேடயம் இருந்தது. 'ஒரு வெட்டுகூட இல்லாமல் எடுத்த பாட்டு' என்று அதில் பொறித்தே விட்டார்கள். இயக்குநர் திலகன் முன்னால் பெயர்ப் பலகை. கேமராமேன் இத்ரீஸ் முன்னாலும் உண்டு. ஜெபராஜ் முன்னால் தண்ணீர் பாட்டில் மட்டும். நண்பர் என்று சொல்லித்தான் அவனைக் கூட்டி வந்திருந்தார்கள். வெட்டே இல்லாத பாட்டுக்கு எடிட்டர் எதற்கு?

நடந்தது இதுதான். பத்து வருஷத்துக்கு முன்னால், கூரை போன ஒரு பஞ்சாலையில் 'ஈரப் பஞ்சு' பாட்டை எடுத்தார்கள். நாலு நிமிஷத்தையும் நிறுத்தாமல் ஒரே ஷாட்டில் எடுக்க வேண்டும் என்பது திலகனின் யோசனை. கேமராவைச் சுமந்துகொண்டு இத்ரீஸ் ஏழு முறை நடந்தான். உச்சி வெயிலில் எடுத்த மூன்றாவது டேக்கில் முன்பாதி பிரமாதம். அப்புறம் படியில் தடுக்கினான். சாயங்காலம் எடுத்த ஏழாவதில் பின்பாதி பிரமாதம். முன்பாதியில் பாடகிக்கு வரி மறந்துபோனது. எட்டாவதுக்கு வெளிச்சம் இல்லை.

ஜெபராஜ் பதினோரு நாள் எடிட்டிங்கில் உட்கார்ந்தான். பாடகி ஒரு தூணைக் கடக்கும்போது கண்சிமிட்டும் நேரம் திரை இருண்டுபோகும். அந்த இருட்டுக்குள் இரண்டு டேக்கையும் ஒட்டினான்.

"உன் பேர்தான்டா முதல்ல வரும்" என்றான் திலகன். வெளியிடுவதற்கு முந்தின நாள் போன் செய்தான். "ஒரே ஷாட்னு விளம்பரம் போட்டுட்டேன்டா. இப்ப எடிட்டர் பேரைப் போட்டா சிரிக்க மாட்டாங்களா?"

பாட்டு புகழில் எங்கேயோ போய்விட்டது. அந்த ஷாட்டை வைத்துத்தான் இத்ரீஸுக்குக் கல்லூரியில் வாத்தியார் வேலை. ஜனங்கள் வாயைப் பிளந்தது ஒரே இடத்தில். தூண் வரைக்கும் வெள்ளை வெயில், தாண்டியதும் ஆலை முழுக்க ஆரஞ்சு. "எப்படி பாஸ் லைட்டை மாத்தினாங்க!" என்று பஸ்ஸில் ஒருத்தன் ஜெபராஜிடமே போனை நீட்டினான். "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு இவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கூட்டத்தோடு கைதட்டவும் முடியாது, என் வேலை என்று சொல்லவும் முடியாது. அறையில் தனியாக அந்த இருட்டில் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பான். அவ்வளவுதான் அவன் கொண்டாட்டம்.

"தூணுக்கு முன்னால நிழல் காலடியில கிடக்கு" என்றார் ரெஜினா. "தாண்டினதும் ஆறடி நீளம். சூரியன் அவ்வளவு வேகமாவா ஓடுச்சு?"

"யோசனை என்னோடது மேடம். அதுக்கு முன்னால யாரு அப்படி யோசிச்சா?" என்றான் திலகன்.

"தடுக்கினப்பகூட நான் கேமராவை நிறுத்தல. ஏழு தடவையும் முழுசா நடந்தேன்" என்றான் இத்ரீஸ்.

ரெஜினா ஜெபராஜைப் பார்த்தார். "நீங்க யாரு சார்? நீங்களாவது சொல்லுங்க."

இப்போது நீங்கள் சொல்லுங்கள். அந்தப் பாட்டுக்கு இவ்வளவு புகழ் தகுமா? தகும் என்றால், கேடயம் இந்த மூவரில் யாருக்கு?

விடை: கேடயத்தில் எழுதியிருக்கிறபடி பார்த்தால் ஒருத்தருக்கும் இல்லை. திலகன் யோசித்தது நடக்கவே இல்லை. இத்ரீஸ் நடந்தது நிஜம், ஆனால் நாம் பார்ப்பது ஒரே நடையை அல்ல. ஜனங்கள் மயங்கியது, மத்தியானம் ஒரு சிமிட்டலில் சாயங்காலம் ஆன இடத்தில், அதுதான் வெட்டு. ஆகவே புகழ் தகும், சொன்ன காரணம்தான் பொய். கேடயம் ஜெபராஜுக்கு. ஆனால் அவன் அதை வாங்க வேண்டுமென்றால் அதில் எழுதியிருப்பதை அழிக்க வேண்டும், இத்ரீஸின் வேலையும் கூடவே போகலாம். இது திலகனுக்கும் தெரியும். லிஃப்டில் வரும்போதே தோளில் கை போட்டுச் சொல்லியிருந்தான்: "உன்னைக் கேட்டா, ஷூட்டிங்ல டீ வாங்கிக் கொடுத்தவன்னு சொல்லிடுடா." ஜெபராஜ் அதைச் சொல்லவில்லை. "எடிட்டர் மேடம்" என்றான்.