எத்தனையில் வைப்பது?

காங்கேயத்துக்குத் தெற்கே, மழையை நம்பி விதைக்கும் ஒரு மேட்டுக் காட்டின் நடுவில் சின்னதாக ஒரு மடம் இருந்தது. அந்த மடத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். யாரும் குரலை உயர்த்தக் கூடாது. மடத்தில் இருந்த எல்லோரும் அதைக் காப்பாற்றினார்கள், மினி டிராக்டரைத் தவிர.

அந்த டிராக்டரை ஓட்டுகிறவர் நாச்சிமுத்து. அறுபதை நெருங்குகிற மனிதர். ஒரு காலத்தில் அவர் வாயைத் திறந்தால் பக்கத்துத் தோட்டத்து மாடு மிரளும். பெண்டாட்டியிடம் கத்தினார், பெற்ற மகளிடம் கத்தினார், காரணம் கிடைக்காதபோது வானத்தைப் பார்த்தும் கத்தினார். மனைவி கண்ணை மூடிய பிறகு, கத்துவதற்கு ஆளில்லாத வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தபோதுதான் தன் குரல் தனக்கே பிடிக்காமல் போயிற்று. மடத்துக்கு வந்தார். இனி யாரிடமும் சத்தம் போடுவதில்லை என்று, மடத்தை நடத்தும் சாமியம்மாவின் முன்னால் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தார்.

சாமியம்மா அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். நாச்சிமுத்து இவரைச் சாமி என்பார், இவர் நாச்சிமுத்துவை அண்ணா என்பார். யாருக்கும் அது வினோதமாகப் படவில்லை.

அந்த வருஷம் முதல் மழைக்கு முந்தின நாள், நாச்சிமுத்துவின் மகள் சுகந்தி ஒரு பையோடு வந்து நின்றாள். ஒரு கன்னம் வீங்கியிருந்தது.

“அவரு அடிக்கறது புதுசில்லீங்கப்பா. போன்லயே சொன்னனுங்களே.”

“சொன்னே கண்ணு.”

“பொறுத்துப் போன்னீங்க.”

“ஆமா கண்ணு.”

“இப்ப என்ன சொல்றீங்க?”

நாச்சிமுத்துவின் நெஞ்சுக்குள் என்னவோ எழும்பி வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, மிக மென்மையாக, “எல்லாஞ் செரியாப் போயிரும்” என்றார்.

சுகந்தி அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு சமையற்கட்டுக்குப் போய்விட்டாள். ஆனாலும் குரல் உயரவில்லை என்பதில் மனிதருக்கு ஒரு சின்னத் திருப்தி இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் மழை கொட்டியது. ஈரம் காய்வதற்குள் காட்டை ஓட்டிக் கடலை விதைத்தாக வேண்டும். நாச்சிமுத்து டிராக்டருக்குப் பின்னால், மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் ரோட்டவேட்டரை மாட்டிக்கொண்டு இறங்கினார். டிராக்டரும் மடத்தைச் சேர்ந்ததுதானே, அதற்கு மட்டும் என்ன தனிச் சட்டம் என்பது அவர் எண்ணம். ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் கை ஆக்சிலேட்டரை ஏறக்குறைய அடியிலேயே வைத்தார். இஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் முள், படுத்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

வண்டி முக்கியது, முனகியது, கறுப்பாகப் புகை கக்கியது. கத்திகள் மண்ணைப் பொடியாக்காமல் கட்டி கட்டியாகப் புரட்டிப் போட்டன. ஒரு சால் முடிவதற்குள் இஞ்சின் அணைந்தே போனது.

சாமியம்மா வரப்பில் வந்து நின்றார்.

“ஏனுங்ண்ணா, வண்டிக்கு மேலுக்குச் சொகமில்லீங்களா?”

“இல்லீங் சாமி. மெதுவா ஓட்டறனுங்க. சத்தம் வந்தா எல்லாருக்கும் சங்கடந்தானுங்களே.”

சாமியம்மா பக்கத்தில் வந்தார். வண்டியைக் கிளப்பச் சொல்லி, கியரை ஒரு படி இறக்கினார், ஆக்சிலேட்டரைத் தாராளமாக ஏற்றினார். முள் எழுந்து மேலே பச்சைக் கோட்டில் போய் நின்றது. இஞ்சின் காடே அதிர உறுமியது. நாச்சிமுத்து பதறிப்போய் மடத்தைத் திரும்பிப் பார்த்தார். ஆனால் சக்கரம் நிதானமாகத்தான் நடந்தது. புகை நின்றுவிட்டது. பின்னால் மண் சலித்த மாவாக விழுந்துகொண்டிருந்தது.

அப்பாடா, விஷயம் பிடிபட்டுவிட்டது என்று நாச்சிமுத்துவுக்கு ஒரே சந்தோஷம். பச்சைக் கோடு. இனி ஆயுசுக்கும் பச்சைக் கோடு.

பாதிக் காடு ஓட்டியபின், மறுநாள் காலையில் ரோட்டவேட்டரைக் கழற்றிவிட்டு, விதைக் கடலை ஏற்றி வரக் காலி டிரெய்லரை மாட்டினார். முள்ளைப் பச்சைக் கோட்டில் நிறுத்தினார், கிளம்பினார். டிரெய்லர் தகரம் தடதடத்தது. கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் கண்ணைத் திறந்து பார்த்தார்கள்.

வாசலில் சாமியம்மா கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார். கியரை இரண்டு படி ஏற்றினார், ஆக்சிலேட்டரைப் பாதிக்குக் கீழே இறக்கினார். வண்டி நகர்ந்தபோது, அதே நடைதான், ஆனால் பேச்சு மூச்சில்லை.

நாச்சிமுத்து பிரேக்கை மிதித்தார்.

“சாமி, நேத்துக் கூட்டுனீங்க.”

“ஆமாங்ண்ணா.”

“இன்னைக்குக் கொறைக்கறீங்க.”

“ஆமாங்ண்ணா.”

“ரெண்டுல எதுங் சாமி செரி?”

“ரெண்டுந்தான்.”

“அதெப்படீங்க? எனக்கு ஒரே ஒரு எண்ணைச் சொல்லிப்போடுங்க. சாகற வரைக்கும் அதுலயே வெச்சு ஓட்டீர்றேன்.”

சாமியம்மா சிரித்துவிட்டார்.

“நேத்து வண்டி என்ன பண்ணுச்சுங்ண்ணா?”

“மண்ணைக் கெளறுச்சுங்க.”

“இன்னைக்கு?”

“சும்மா போகுதுங்க.”

“ம்” என்றார் சாமியம்மா. அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.

நாச்சிமுத்துவுக்குத் தலையைச் சுற்றியது. சத்தம் நல்லதா, கெட்டதா? கெட்டது என்றால் நேற்று ஏன் ஏற்றினார்? நல்லது என்றால் தான் எதற்காக வருஷக்கணக்கில் வாயைக் கட்டிக்கொண்டு கிடக்கிறோம்? விதைக் கடலை ஏற்றப் போய் வரும் வழியெல்லாம் யோசித்தார். யோசிக்க யோசிக்க இன்னும் குழம்பியது.

திரும்பி வந்து, மிச்சக் காட்டை ஓட்ட ரோட்டவேட்டரை மறுபடி மாட்டிக்கொண்டிருந்தபோது, வாசலில் மோட்டார் பைக் ஒன்று வந்து நின்றது. மாப்பிள்ளை. சமையற்கட்டு வாசலில் நின்றிருந்த சுகந்தி அவனைப் பார்த்ததும் முகம் வெளுத்து உள்ளே ஒதுங்கினாள். நாச்சிமுத்து அதைப் பார்த்தார்.

“வாங்க மாப்ளே.”

“உக்கார வரலீங் மாமா. அவளைக் கூட்டீட்டுப் போக வந்தேன்.”

“புள்ளை... கொஞ்ச நாளு... இங்கயே இருக்கட்டுமேன்னுங்க...” வார்த்தைகள் அவர் மீசையைத் தாண்டி வருவதற்கே யோசித்தன.

“என்னமோ முணுமுணுக்கறீங்களே! செரின்னுதானே சொல்றீங்க? பெரிய மனுசன் நீங்க, உங்களுக்குத் தெரியாததா?” மாப்பிள்ளை உள்பக்கம் திரும்பினான். “ஏய், பையை எடுத்துட்டு வா!”

உள்ளே ஏதோ பாத்திரம் கீழே விழுந்து உருண்டது.

சத்தம் கேட்டு வெளியே வந்திருந்த சாமியம்மாவை நாச்சிமுத்து பார்த்தார். இவராவது ஏதாவது சொல்ல மாட்டாரா என்று இருந்தது. சாமியம்மாவோ, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டிராக்டரில் ஏறினார், சாவியைத் திருகினார், ஆக்சிலேட்டரை ஏற்றினார். வாசலே கிடுகிடுத்தது.

“வேண்டாமுங்க மாப்ளே” என்றார் நாச்சிமுத்து.

மாப்பிள்ளை காதருகில் கையை வைத்தான். “என்னங் மாமா?”

“அவ வரலீங்க” என்றார் இன்னும் கொஞ்சம் சத்தமாக.

சாமியம்மா ஆக்சிலேட்டரை இன்னும் ஏற்றினார். மாப்பிள்ளை உதட்டைப் பிதுக்கிவிட்டுச் சமையற்கட்டை நோக்கி நடந்தான்.

நாச்சிமுத்து எப்படிப் போனார் என்று அவருக்கே தெரியாது. குறுக்கே போய் நின்றிருந்தார்.

“வரமாட்டா! எம் புள்ளை வரமாட்டா! அவ மேல கை வெச்சவன் இந்த வாசப்படியை மிதிக்கக் கூடாது! போடா வெளிய!”

சரியாக அந்த நேரத்தில் சாமியம்மா இஞ்சினை அணைத்தார். கடைசி இரண்டு வார்த்தைகளும் நிசப்தத்தில் தனியாக வந்து விழுந்தன. மடமே திரும்பிப் பார்த்தது. மாப்பிள்ளையின் முகத்தில் ரத்தமே இல்லை. இப்போது முணுமுணுத்தது அவன்தான். என்ன சொன்னான் என்று யாரும் கேட்கவுமில்லை. பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

சுகந்தி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுதுகொண்டும் இருந்தாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள். “அப்பா” என்றாள்.

நாச்சிமுத்துவுக்கு வந்தது நிம்மதியா, அவமானமா என்று தெரியவில்லை.

“சாமி, சத்தியம் போச்சுங்க.”

சாமியம்மா இறங்கி வந்து டிராக்டர் சாவியை அவர் கையில் வைத்தார்.

“ஈரம் காயுதுங்ண்ணா. மிச்சக் காட்டை ஓட்டிப்போடுங்க.”

“நான் கத்தீட்டனுங்களே சாமி!”

“கத்துனீங்க.”

“அப்ப இனிமே கத்தலாமுங்களா, கூடாதுங்களா?”

சாமியம்மா, சுகந்தி கொண்டுவந்த செம்பை வாங்கி அவரிடம் நீட்டினார். நாச்சிமுத்து தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு சீட்டில் ஏறினார். குழப்பமும் கூடவே ஏறிக்கொண்டது. கை ஆக்சிலேட்டர் வரை போய் அங்கேயே நின்றது.

“கோவிச்சுக்காதீங் சாமி. இதை எத்தனைல வெக்கறதுங்க?”

“இப்பக் கத்துனீங்களே, அதை எத்தனைல வெச்சீங்ண்ணா?”