சாத்தாத முன்கதவு

“தாயி, கார் பேட்டரியில சார்ஜ் நிக்கவே மாட்டேங்கு. நான் என்னதான் செய்ய?”

குற்றாலம் போகிற வழியில் ஒரு சின்ன மடம். அங்கே இருக்கிற சிவகாமி அம்மாவிடம் ஜனங்கள் மனக்குறையைத்தான் கொண்டுபோவார்கள். நல்லபெருமாள் அண்ணாச்சி பேட்டரிக் குறையைக் கொண்டுபோனார்.

அம்மாவுக்கு அவரைவிட இருபது வயசு குறைவு. காவி கட்டுவதற்கு முன்னால் வாடகைக் கார் ஓட்டியவர். அதனால் சிரிக்கவில்லை.

“தண்ணி பார்த்தீங்களா அண்ணாச்சி?”

“பேட்டரித் தண்ணி வாங்கி, கோடு வரைக்கும் ஊத்தியாச்சு.”

“முனையில பொடி பூத்திருக்கா?”

“வெந்நீர் விட்டுக் கழுவி, துடைச்சு, வாசலீனும் தடவியாச்சு. சார்ஜ் போட்டா நல்லாத்தான் இருக்கு. மறுநாள் பார்த்தா செத்துக் கெடக்கு.”

செத்து என்று சொன்னதும் அவருக்குக் குரல் இறங்கிப்போயிற்று. சம்சாரம் பேச்சியம்மை போய் இன்னும் நாலு மாசம் ஆகவில்லை.

“இப்ப காருக்கு என்ன அவசரம்?”

“மக மதுரையில நிறைமாசமா இருக்கா. தலைப்பிரசவம். நான்தான் போய்க் கூட்டிட்டு வரணும். ‘அம்மை உக்காந்து வந்த காருல வந்தாத்தான் ஏறுவேன்’னு அடம்பிடிக்கா. நானும் இன்னைக்கு, நாளைக்குன்னு சொல்லிட்டே இருக்கேன். இனி எத்தனை நாள் தள்ள முடியும், சொல்லுங்க!”

அம்மா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

வீட்டு முன்னால் ஷெட்டில் அந்தப் பழைய கார் நின்றது. பேட்டரியைப் பளிங்கு மாதிரி துடைத்து வைத்திருந்தார் மனுஷன். ஒரு குறை சொல்ல முடியாது.

அம்மா காரைச் சுற்றி வந்தார். இடதுபக்கத்து முன்கதவு சரியாகச் சாத்தாமல் ஒட்டினாற்போல் நின்றது. உள்ளே, கூரையில் சின்ன விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது.

கையைக் கதவுப் பக்கம் கொண்டுபோனார்.

“தொடாதீங்க!”

அப்படி ஒரு கத்தல். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா கையை எடுத்துக்கொண்டார். “இந்த விளக்குத்தான் தின்னுது. உங்களுக்குத் தெரியாதா அண்ணாச்சி?”

“தெரியும்.”

“பிறகு?”

“அவ கடைசியாத் தள்ளிட்டுப் போன கதவு, தாயி. அப்படியே இருக்கட்டும்.”

“சரி. பல்பை மட்டும் கழட்டிருவோம். பேட்டரியும் நிக்கும், கதவும் நிக்கும்.”

“ஐயோ, வேண்டாம். உள்ளே இருட்டாயிரும்.”

யாருக்கு இருட்டாகிவிடும் என்று அம்மா கேட்கவில்லை. ஷெட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சியும் எதிரே உட்கார்ந்தார்.

“அன்னைக்கு என்ன நடந்துச்சு?”

“ஒண்ணுமில்ல. மார்க்கெட்டுக்குப் போயிட்டு வந்தோம். அவ இறங்கினா. என்னைக்கும் போல கதவைச் சும்மா தள்ளிட்டுப் போனா. ‘ஏட்டி, அடிச்சுச் சாத்தேன்’னேன். அதுக்கு ஒரு பதில் சொல்லிட்டு உள்ளே போனா. நான் இறங்கி, இந்தப் பக்கம் சுத்தி வந்துட்டிருக்கேன், அடுப்படியில பாத்திரம் உருண்ட சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தா… அவ்வளவுதான். முடிஞ்சுபோச்சு.”

அண்ணாச்சி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பதில் சொன்னாங்கன்னீங்களே, என்ன பதில்?”

“அது என்ன, வழக்கமாச் சொல்லுறதுதான்.”

“சொல்லுங்க.”

பேச்சியம்மை சொன்னது போலவே, அந்தச் சலிப்போடும் செல்லத்தோடும், அண்ணாச்சி சொன்னார்:

“‘கை ரெண்டுலயும் பை இருக்குல்லா. நீங்களே சாத்திட்டு வாங்க.’”

சொன்னவர் வாய் திறந்தபடி இருந்தது.



அண்ணாச்சி முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார். காரைச் சுற்றி இடதுபக்கம் வந்தார். கதவில் கையை வைத்தார்.

“இந்தா, சாத்திட்டேன்டி” என்று அழுதுகொண்டே அடித்துச் சாத்தினார்.

விளக்கு அணைந்தது.