கொக்கியின் அளவு

யோகாம்பாள் அம்மாவுக்கு ஆசிரமம் என்று ஓர் இடம் கிடையாது. ஒரு கேரவன் வண்டிதான் வீடு, பூசையறை எல்லாம். அதிலேயே ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பார். வண்டியை ஓட்டியவர் சீடர் வேலப்பன். முப்பது வருடம் லாரி ஓட்டிவிட்டு வந்தவர். அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவர்.

அந்த ஐப்பசியில் மலைமேல் ஒரு சிற்றூரில் மண் சரிந்து பதினோரு வீடுகள் போயின. செய்தி கேட்ட நாள் முதல் வேலப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. அலைந்து திரிந்து கூரைத் தகடு, அரிசி, கம்பளி என்று சேர்த்தார். தெரிந்தவரிடம் ஒரு டிரெய்லரைக் கேட்டு வாங்கி, அத்தனையையும் ஏற்றி, கேரவனின் பின்கொக்கியில் மாட்டிக்கொண்டு புறப்பட்டார்.

அடிவாரத்து எடைமேடையில் அம்மா நிறுத்தச் சொன்னார். சுமையோடு டிரெய்லர் மட்டும் ஆயிரத்து முந்நூறு கிலோ இருந்தது. கொக்கிக்கு மேலே அடித்திருந்த தகடு, தனி பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் எழுநூற்றைம்பதுக்கு மேல் ஆகாது என்றது. இந்த டிரெய்லருக்குப் பிரேக் கிடையாது.

பாதியை இறக்கி வைத்துவிட்டு, இரண்டு நடையாகப் போகலாம் என்றார் அம்மா.

வேலப்பன் முகம் வாடிவிட்டது. மழை வலுத்தால் பாதை அடைபட்டுப்போகும், அங்கே பிள்ளைகள் பள்ளிக்கூடத் தரையில் ஈரத்தில் கிடக்கிறார்கள் என்று மன்றாடினார். கடைசியில் கேட்டார்:

"நூறு கிலோமீட்டர் முனகாமல் இழுத்து வந்த வண்டி, தாயே. இழுக்கிற வண்டிக்கு எதற்கு அளவு?"

அம்மா டிரெய்லரைக் கழற்றச் சொன்னார். எடைமேடைக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத மண்சாலை ஒன்று சரிவாக இறங்கியது. மேலிருந்து நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து, புளியமரத்தருகே பிரேக்கை அழுத்தச் சொன்னார். அப்படியே செய்தார் வேலப்பன். வண்டி நின்ற இடத்தில் அம்மா குச்சியால் ஒரு கோடு கிழித்தார்.

"இனி டிரெய்லரை மாட்டிக்கொண்டு வாருங்கள். அதே வேகம். அதே மரத்தடியில் பிரேக்."

வேலப்பன் மாட்டிக்கொண்டு மேலே போய் வண்டியைத் திருப்பினார். கண்ணாடி வழியே கீழே பார்த்தார். கோட்டைத் தாண்டி ஒரு முழத்தில், சாலை நடுவே, அம்மா நின்றிருந்தார்.

கியரில் வைத்த கை நகரவில்லை. அம்மாவும் நகரவில்லை. வேலப்பன் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, கீழே நடந்து வந்தார்.

"ஏன் வரவில்லை?"

"நிற்காது, தாயே."

"நூறு கிலோமீட்டர் வந்த வண்டிதானே?"

"நீங்கள் நிற்கிறீர்களே."

"என்னைப் பார்த்துவிட்டீர்கள், ஐயா. கொண்டை ஊசி வளைவுக்கு அந்தப் பக்கம் நிற்பவரை எப்படிப் பார்ப்பீர்கள்?"

வேலப்பன் மேட்டில் ஏறிப் போய், பாதிச் சுமையை இறக்க டிரெய்லரின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.