ஒட்டியவளும் பிரித்தவளும்

முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே சொல்கிறேன். கீரையில் காம்பு கிடந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கதையில் காம்பு இருக்காது.

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிற அமுதவல்லி நூலகப் படிப்பு படிக்கிறாள். அதற்காக ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் முப்பது நாள் வேலை பழக வேண்டுமாம். பழகியதையெல்லாம் ரெக்கார்டு நோட்டில் எழுதி, கடைசி நாளில் அங்கே நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் சான்றிதழ் இல்லை. அடுத்த வருடம் மறுபடி முதல் நாளிலிருந்து பழக வேண்டியதுதான்.

அவளுக்கு வாய்த்த பள்ளியில் நூலகம் என்பது இரண்டு பீரோ. சாவி சங்கரபாண்டியன் சாரின் பெல்ட்டில் தொங்கும். ஒரு புத்தகம் கிழிந்தாலும் தணிக்கைக்கு வருகிறவர்கள் அவரைத்தான் கேட்பார்கள் என்பதால், அவர் எதையும் வெளியே விட்டதில்லை. பூட்டிய பீரோவுக்குள் புத்தகம் எப்படிக் கிழியும்?

முதல் நாளே சொல்லிவிட்டார். "ஏம்மா, நீ பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுக்கணும்னு நிக்கிற. கொடு. ஆனா ஒண்ணே ஒண்ணுக்குச் சேதம் வந்தாலும் உன் ரெக்கார்டுல என் கையெழுத்துக் கிடையாது."

அவளும் தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

புத்தகம் வெளியே போவதற்கு முன்னால் ஒவ்வொன்றிலும் தேதிச் சீட்டு ஒட்ட வேண்டும். கடைசித் தாளின் பின்புறம் வெற்றாக இருக்குமே, அங்கே. மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போட்டு, என் வீட்டு அடுப்பில்தான் காய்ச்சினாள். ஆகவே இந்தக் கதையில் எனக்கும் கொஞ்சம் பாவம் உண்டு. மறுநாள் இருநூற்றுப் பன்னிரண்டு புத்தகங்களுக்கும் தோசைக்கு எண்ணெய் விடுகிற தாராளத்தில் பசை தடவி ஒட்டினாள். ஒன்றில் மட்டும் பசை ஓரத்தில் வழிந்து, கடைசித் தாளையும் அதற்கு முந்தின தாளையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டது. அவள் கவனிக்கவில்லை.

அன்று சாயங்காலமே, பசை ஈரம் காயுமுன், சார் வந்தார். அத்தனை புத்தகங்களையும் ஒரு பீரியடில் பார்த்து முடித்தார். நூலகப் பதிவேட்டில், "எல்லாம் சரிபார்த்தேன். நல்ல நிலையில் உள்ளன" என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.

பிறகு பிள்ளைகள் புத்தகம் எடுத்தார்கள். சாருக்கே உற்சாகம் வந்து, பரிசலோட்டி ஒருவன் காணாமல்போன ஆட்டைத் தேடிப்போகும் கதைப்புத்தகத்தைக் காட்டி, "இதை முழுசாப் படிச்சவங்களுக்கு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ்" என்று அறிவித்தார். மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக எடுத்துப் போனார்கள். பசை வழிந்த புத்தகம் அதுதான்.

கடைசி நாள். மேசையில் டிபன் பாக்ஸ். அதன் பக்கத்தில் அமுதவல்லியின் ரெக்கார்டு நோட்டு. சார் மூவரையும் நிறுத்தி, கதை எப்படி முடிகிறது என்று கேட்டார்.

முதலில் எடுத்த சுடலைமணி, "ஆடு கிடைச்சிருச்சு சார். ஊருக்கே விருந்து வச்சாங்க" என்றான்.

"எதை வச்சுடா விருந்து?"

"ஆட்டை வச்சுத்தான் சார்."

அடுத்து எடுத்த ஜெசிந்தா, "பரிசல்காரர் ஒரு பட்டிக் கதவைத் தட்டுறாரு. உள்ளேயிருந்து யாருன்னு ஒரு குரல் வருது. அவ்வளவுதான் சார், கதை முடியலை" என்றாள். சுடலைமணி சிரித்தான்.

கடைசியாக எடுத்த ஜுலைகா, "ஆடு அந்தப் பட்டியிலதான் இருக்கு. ரெண்டு குட்டி போட்டுருக்கு. அவரு குட்டிகளைப் பார்த்துட்டு, ஆட்டை அங்கேயே விட்டுட்டு வந்துருவாரு" என்றாள்.

சார் அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை. யார் சொல்வது சரியென்று பார்க்கக் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். தாள் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. இரண்டு வரி எழுத்து பெயர்ந்து எதிர்ப்பக்கத்தில் ஒட்டியிருந்தது.

"யாரு பார்த்த வேலை இது?"

"ரெண்டு தாள் ஒட்டியிருந்துச்சு சார்" என்றாள் ஜுலைகா. "இட்லிப் பானை ஆவியில காட்டிப் பிரிச்சேன். புதுப் பாத்திரத்து ஸ்டிக்கரை அம்மா அப்படித்தான் எடுப்பாங்க."

"புத்தகமும் பாத்திரமும் ஒண்ணா? சேதம் பண்ணினவளுக்குப் பரிசு வேறயா?"

ஜுலைகாவுக்குக் கண் கலங்கியது. அமுதவல்லி ரெக்கார்டு நோட்டைப் பார்த்தாள். பேசாமலிருந்தால் கையெழுத்து வந்துவிடும். பேசினால் முப்பது நாளும் போய்விடும்.

"ஒட்ட வச்சது நான் சார்" என்றாள். "என் பசைதான் வழிஞ்சது."

சார் திறந்த பேனாவை மூடிவிட்டார்.

கேட்டுக்கொண்டிருந்தீர்கள் அல்லவா, இப்போது நீங்கள் சொல்லுங்கள். அந்தச் சேதத்துக்குப் பொறுப்பு யார்? ஒட்டியவளா, பிரித்தவளா? சார் கையெழுத்துப் போட வேண்டுமா, கூடாதா?

விடை: இரண்டு பேருமே இல்லை. ஒட்டியவள் தெரியாமல் ஒட்டினாள், தெரிந்ததும் ஒத்துக்கொண்டாள். பிரித்தவள் படிக்க முடியாத பக்கத்தைப் படிக்க வைத்தாள். பார்க்காமலே பார்த்தேன் என்று எழுதியவர் சார். அன்றைக்கே கடைசித் தாளைப் புரட்டியிருந்தால் ஈரத்திலேயே கழன்று வந்திருக்கும். அமுதவல்லி இதை வாயால் சொல்லவில்லை. பதிவேட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள், அவ்வளவுதான். சார் வாசித்தார். தன் கையெழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பேனாவைத் திறந்து ரெக்கார்டு நோட்டை இழுத்துக்கொண்டார். முழுசாய்ப் படித்தவள் ஜுலைகா, டிபன் பாக்ஸ் அவளுக்குத்தான். சுடலைமணியை விடுங்கள். ஜெசிந்தாதான் பாவம். "எனக்கு டிபன் பாக்ஸ் வேண்டாம் சார், நான் படிக்கிறதுக்குள்ள இவ முடிவைச் சொல்லிட்டாளே, அதுக்கு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். அதற்குச் சார் பெல்ட்டிலிருந்து சாவியைக் கழற்றி — இதோ வந்துட்டேன் அத்தை, பாப்பா முழிச்சுட்டாளா? — சாவியைக் கழற்றி ஜெசிந்தாவின் கையில் கொடுத்தார், வேண்டிய புத்தகத்தை அவளே எடுத்துக்கொள்ளட்டும் என்று.