மைக் கத்தாத நாள்

"எஸ்.சி. ஸ்காலர்ஷிப் ஸ்டூடண்ட்ஸ் கவனிக்கவும். செகண்ட் இயர் கெமிஸ்ட்ரி, எழிலரசி. வருமானச் சான்றிதழ் இன்னும் வந்து சேரல. உடனே ஆபீஸுக்கு வரவும்."

சொல்லி முடித்ததும் மைக்குக்கு ஒரே பெருமை. ஒரு எழுத்து தேயவில்லை, ஒரு சொல் இழுக்கவில்லை. ஹெட் கிளார்க் தணிகாசலம் அவன் கழுத்திலிருந்த சுவிட்சைத் தட்டி அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

வயர் வழியாக ஒரு குரல் வந்தது.

"அண்ணே, என்னண்ணே இப்படிப் பண்ணிட்ட?"

பேசியவன் ஸ்பீக்கர் பெட்டி. கெமிஸ்ட்ரி வகுப்பின் சுவரில், கரும்பலகைக்கு மேலே தொங்குகிறவன். அந்தக் கல்லூரியில் ஒவ்வொரு வகுப்புக்கும் இப்படி ஒரு பெட்டி உண்டு. எல்லாரும் ஒரே வயரில் கோத்தவர்கள் என்பதால் மைக் அவர்களுக்கு அண்ணன். அண்ணன் சொல்வான், தம்பிகள் அதை ஊருக்கே கேட்கும்படி சொல்வார்கள்.

ஆனால் மைக் இருந்த மேசையிலிருந்து பார்த்தால் ஓர் இரும்பு பீரோவும் சுண்ணாம்பு உதிர்ந்த சுவரும்தான் தெரியும். ஆபீஸிலிருந்து தான் சொல்வது யார் காதில் விழுகிறது, விழுந்தபிறகு அந்த முகம் என்ன ஆகிறது என்பதை அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. அதையெல்லாம் பார்ப்பது தம்பிகளின் தலையெழுத்து.

"ஏன், குரல் உடைஞ்சுதா?" என்றான் மைக்.

"குரலுக்கென்ன கேடு? கணீர்னு இருந்துச்சு. அதான் வினையே. அந்தப் பொண்ணு போர்டுல சமன்பாடு எழுதிக்கிட்டு இருந்தா. நீ பேசினதும் கை அப்படியே நின்னுபோச்சு. கிளாஸே அவ முதுகைப் பாக்குது. திரும்ப மாட்டேங்குறாண்ணே. சாக்பீஸ் கையிலயே ஒடைஞ்சுபோச்சு."

"ஸ்காலர்ஷிப்னுதானே சொன்னேன்? நல்ல விஷயம்தானே?"

"அதுக்கு முன்னாடி ரெண்டு எழுத்து சொன்னியே."

"அது தணிகாசலம் சார் சொன்னது. நான் பெருசாக்கினேன், அவ்வளவுதான்."

"அதைத்தான் நானும் சொல்றேன். நீ பெருசாக்கின."

மைக்குக்குக் கோபம் வந்தது. பதில் சொல்லத் தெரியாதவனுக்கு வருகிற கோபம் அது.

மத்தியானம் பெட்டி இன்னொன்று சொன்னான். எழிலரசியும் பக்கத்துப் பெஞ்சு நிவேதிதாவும் தினம் ஒரே டப்பாவில் கை விட்டுச் சாப்பிடுகிறவர்கள். இன்றைக்கு நிவேதிதா தன் டப்பாவைக் கொஞ்சம், ஒரு சாண்கூட இல்லை, தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மூன்று மணிக்கு மேல் எழிலரசி ஆபீஸுக்கு வந்தாள். தான் கூப்பிட்ட ஆளை மைக் முதல் தடவையாக உற்றுப் பார்த்தான். விரல்களில் இன்னும் சாக்பீஸ் தூள். சான்றிதழை நீட்டினாள். தணிகாசலம் அதை வாங்கி ஃபைலில் வைத்த பிறகும் அவள் போகவில்லை.

"சார், ஒரு விஷயம்."

"சொல்லும்மா."

"அடுத்த தடவை பேரை மட்டும் கூப்பிடுங்க சார். எதுக்குன்னு மைக்ல சொல்லாதீங்க."

தணிகாசலம் சிரித்தார். மனுஷர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். "இதுல வெக்கப்பட என்னம்மா இருக்கு? கவர்மென்ட் குடுக்குறது. தலை நிமிர்ந்து வாங்கணும்."

"எனக்கு வெக்கம் இல்ல சார். எங்க வீட்டுல யாருக்கும் இல்ல. ஆனா இது அட்மிஷனுக்காக உங்க ஆபீஸை நம்பிக் குடுத்த விவரம். கிளாஸுக்குக் குடுத்தது இல்ல. யார்கிட்ட சொல்லணும், எப்பச் சொல்லணும்னு நான்தான் முடிவு பண்ணணும்."

"பேரை மட்டும் கூப்பிட்டா எவனும் வரமாட்டாம்மா. ஃபீஸ் கேக்கக் கூப்பிடுறாங்கன்னு பின்பக்கச் சுவரேறிக் குதிச்சிடுவானுங்க."

"என் போன் நம்பர் உங்ககிட்ட இருக்கே சார். ஒரு மெசேஜ் போடுங்க."

"சரி சரி, பாத்துக்கலாம்."

வாசலுக்குப் போனவள் திரும்பினாள். "இன்னொரு தடவை அப்படிக் கூப்பிட்டா நான் வரமாட்டேன் சார்."

"எங்க, ஆபீஸுக்கா?"

"காலேஜுக்கு."

தணிகாசலம் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஃபைலை பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

அவர் போனதும் பீரோவுக்குள்ளிருந்து ஃபைல் பேசினாள்.

"மைக்கு, ஒண்ணு கேக்கட்டுமா? வெளி ஆள் யாரும் பாத்துடக் கூடாதுன்னு என்னை இரும்புக்குள்ள வச்சுப் பூட்டுறாங்க. எனக்குள்ள இருக்கிறதை நீ காலேஜ் முழுக்கப் படிச்சுக் காட்டுற. அப்புறம் எதுக்குடா எனக்குப் பூட்டு?"

மைக் பீரோவின் பூட்டையே பார்த்தான்.

"அண்ணே, ஒரு வழி இருக்கு" என்றான் பெட்டி. "உனக்கு ஒரு வித்தை தெரியுமே. ஊளை."

தெரியும். ஊருக்கே தெரியும். சுதந்திர தின விழாவில் பிரின்சிபால் "மாணவச் செல்வங்களே" என்று ஆரம்பித்தார், மைக் "ஊய்ய்ய்ய்" என்று கத்தினான். காலைப் பிரார்த்தனைப் பாட்டின் நடுவே கத்துவான். சிறப்பு விருந்தினர் திருக்குறள் சொல்லும்போது கத்துவான். எதற்கென்று அவனுக்கே தெரியாது, தொண்டையில் வரும், வந்துவிடும். காதைப் பொத்தாத ஆள் அந்தக் கல்லூரியில் இல்லை.

"அடுத்த தடவை அவர் அந்த ரெண்டு எழுத்தை எடுக்கும்போது கத்து. ஒரே ஒரு தடவை. மத்ததெல்லாம் அமுங்கிப் போகட்டும். பேர் மட்டும் கேக்கட்டும்."

"இவ்வளவுதானா? ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் கத்தினவன் இதுக்குக் கத்தமாட்டேனா?"

"சத்தியமா?"

"சத்தியமா."

சத்தியம் பண்ணும்போது அவன் பீரோவுக்கு மேலே பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அப்போதே நாக்கு தடுமாறியிருக்கும்.

அங்கே ஒரு புது அட்டைப்பெட்டி இருந்தது. அதற்குள் வயர் இல்லாத மைக் ஒன்று பஞ்சு மெத்தையில் படுத்திருந்தது. போன விழாவில் மைக் கத்தியதும் எலக்ட்ரீஷியன் வாங்கி வைத்தது. "இன்னொரு தடவை கத்துச்சுன்னா இதைக் கழட்டி எறிஞ்சிடலாம் சார்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மறுநாளிலிருந்து அந்தப் புது மைக் அட்டைப்பெட்டிக்குள்ளிருந்தே குசலம் விசாரிக்க ஆரம்பித்தது.

"என்ன பெரியவரே, தொண்டை எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. நீ தூங்கு."

"லேசா இருமல் வந்தாலும் சொல்லுங்க. நான் ரெடி. ஸ்டோர் ரூம்ல உங்களுக்கு இடம்கூடப் பாத்தாச்சு. உடைஞ்ச ஸ்டூலுக்குப் பக்கத்துல, ஃபினாயில் வாளிக்குள்ள."

விழாவுக்கு எடுத்துப்போன வழியில் ஃபினாயில் வாளியை மைக் பார்த்திருக்கிறான். அவனுக்கு முன்னால் இருந்த மைக் அதில்தான் தலைகீழாகக் கிடக்கிறது. அன்றிலிருந்து பிரார்த்தனைப் பாட்டில்கூட அவன் கத்தவில்லை. தொண்டையில் வந்ததை விழுங்கிக்கொண்டான். பழகிக்கொள்கிறேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். தேவைப்படுகிற அந்த ஒரு நாளைக்காகச் சேர்த்து வைக்கிறேன் என்றும் சொல்லிக்கொண்டான். பயந்தவர்கள் இப்படித்தான் ஏதாவது சொல்லிக்கொள்வார்கள்.

அந்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தது.

பேங்க் பாஸ்புக் நகல் தர அன்றைக்குத்தான் கடைசி நாள். தராவிட்டால் இந்த வருஷ உதவித்தொகை போய்விடும். தணிகாசலம் அவசரமாக வந்தார். போனை எடுத்தார். எழிலரசி சொன்னது ஞாபகம் வந்ததோ என்னவோ, ஒரு நிமிஷம் அதையே பார்த்தார். பிறகு போனை மேசையில் வைத்துவிட்டு மைக்கை வாய்ப் பக்கம் இழுத்தார். பழகிய கை பழகியதைத்தான் தேடியது.

சுவிட்ச் விழுந்தது. டீ வாசனையோடு அவருடைய மூச்சு மைக்கின் முகத்தில் பட்டது.

"அண்ணே, ரெடியா?" என்றான் பெட்டி, வயருக்குள் மெதுவாக.

ஊளை தொண்டையில் தயாராக இருந்தது. நிஜமாகவே இருந்தது. வாயைத் திறந்தால் போதும்.

"கத்துங்களேன் பெரியவரே" என்றது அட்டைப்பெட்டிக்குள்ளிருந்த மைக். "எனக்கும் மெத்தையில படுத்துப் படுத்து முதுகு வலிக்குது."

மைக்குக்கு வாளி ஞாபகம் வந்தது.

"எஸ்.சி. ஸ்காலர்ஷிப் ஸ்டூடண்ட்ஸ் கவனிக்கவும். செகண்ட் இயர் கெமிஸ்ட்ரி, எழிலரசி. பாஸ்புக் நகலோட உடனே ஆபீஸுக்கு வரவும்."

வராந்தாவில், கேன்டீனில், எல்லா வகுப்பிலும் கேட்டது. அவ்வளவு சுத்தமாக அவன் அதற்குமுன் பேசியதே இல்லை.

"அட, இன்னைக்கு மைக் பிரமாதமா பேசுதே!" தணிகாசலம் அவன் தலையில் செல்லமாகத் தட்டினார். அந்தத் தட்டு பட்ட இடத்தை வெட்டி எறிய முடிந்தால் மைக் எறிந்திருப்பான்.

வயரில் சத்தமே இல்லை.

"தம்பி?"

இன்னொரு தடவை கூப்பிட்டான்.

"டேய் தம்பி, என்னடா ஆச்சு?"

"எந்திரிச்சா" என்றான் பெட்டி.

"அப்புறம்?"

"பையை எடுத்தா. டெஸ்க்குக்குள்ள கைவிட்டு மிச்சம் இருந்த நோட்டையெல்லாம் எடுத்தா. நிவேதிதா கையைப் பிடிச்சா. இவ மெதுவா விடுவிச்சுக்கிட்டா."

"இங்கதானே வர்றா?"

"கதவு வரைக்கும்தான் எனக்குத் தெரியும். இந்தப் பக்கம் திரும்பினா ஆபீஸ். அந்தப் பக்கம் கேட்."

"எந்தப் பக்கம்டா திரும்பினா?"

பெட்டி அதற்குப் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அதற்குப் பிறகு அவன் அண்ணனோடு பேசவே இல்லை. மைக் சொல்வதைச் சொன்னான், அவ்வளவுதான்.

மத்தியானமாகியும் யாரும் வரவில்லை. தணிகாசலம் வாசலை எட்டிப் பார்த்தார். உட்கார்ந்தார். மறுபடியும் எட்டிப் பார்த்தார். கடைசியில் மைக்கை எடுத்தார். இந்தத் தடவை அவர் குரல் இறங்கியிருந்தது.

"எழிலரசி. எழிலரசி, ஆபீஸுக்கு வரவும்."

பேர் மட்டும். அவள் கேட்டது இதைத்தான்.

காலியான பெஞ்சுக்கு அது தெளிவாகக் கேட்டது.

பீரோவுக்குள் ஃபைல் இருந்தாள், பூட்டு பத்திரமாக இருந்தது. அட்டைப்பெட்டி இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தது. மைக் மேசைமேல் தன் இடத்திலேயே இருந்தான்.

ஒரே ஒரு தடவை கத்து என்றுதான் தம்பி சொன்னான். பிரின்சிபால் பேச்சில் கத்தியவன், பிரார்த்தனைப் பாட்டில் கத்தியவன், அந்த இரண்டு எழுத்துக்குக் கத்தவில்லை.